துளை போடுவதற்கு முன் டிப் நோட்டைக் கேட்டார்கள்

பூமிக்குள் புதைத்த எண்ணெய் டேங்க் கசிந்து மண்ணும் கிணற்றுத் தண்ணீரும் கெட்டிருக்கிறதா என்று பார்க்க ஆள் தேட வேண்டிய நிலை எனக்குப் போன வருஷம் வந்தது. மூன்று பேரைக் கூப்பிட்டேன். முதல் இருவரால் பணமும் நாளும் போனதுதான் மிச்சம். மூன்றாவதாகத் திருச்சியிலிருந்து வந்த குழுவைப் பற்றித்தான் இந்த விமர்சனம். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை எதற்குக் குறைத்தேன் என்பதையும் எழுதியிருக்கிறேன்.

காரைக்குடியை ஒட்டிய ஊர் எங்களுடையது. அப்பச்சி, அதாவது என் அப்பா, ஆறு லாரி வைத்து ஓட்டினார்கள். ஊர்க்கோடியில் எங்கள் லாரி செட். வண்டிகளுக்கு டீசல் ஊற்ற செட்டுக்குள்ளேயே 10,000 லிட்டர் டேங்க் ஒன்றைப் புதைத்து, மேலே கைப்பம்பு வைத்திருந்தார்கள். 2001-இல் லாரிகளை விற்றதும் பம்பைக் கழற்றிவிட்டோம். டேங்க் மண்ணுக்குள்ளேயே கிடந்தது. செட்டைப் பாதியாகத் தடுத்து என் இரும்புக்கடைக்குக் குடோன் ஆக்கிக்கொண்டேன். காலுக்கடியில் என்ன இருக்கிறது என்ற நினைப்பே எனக்கு இல்லை.

செட்டுக்கு அடுத்த வளவு ஓர் ஆச்சியுடையது. மூன்று வருஷத்துக்கு முன் அவர்கள் வீட்டை ஒழுங்குபண்ணி, வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும்படி ஆறு அறை விட்டார்கள். வாளி கட்டி இறைத்த கிணற்றில் மோட்டார் இறங்கியது. போன சித்திரையில் ஒரு நாள் காலை ஆச்சி கடைக்கே வந்துவிட்டார்கள். "தம்பி, கிணத்துல மண்ணெண்ணெ வாடை வருது. வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். இரண்டாம் கட்டில் பித்தளை அண்டா நிறையத் தண்ணீர். நடுமுற்றத்து வெயில் அதன் மேல் சாய்வாக விழுந்தது. தண்ணீர் மேல் ஊதாவும் பச்சையுமாகப் படலம். விரலால் தொட்டால் விலகியது, எடுத்ததும் மறுபடி வந்து கூடிக்கொண்டது. ஏரித் தண்ணீரில் சில நேரம் இரும்புச் சத்தினால் இதே மாதிரி ஏடு கட்டும். அதைத் தொட்டால் கண்ணாடிச் சில்லு மாதிரி உடையும், திரும்பச் சேராது. இது சேர்ந்தது. இந்த வித்தியாசம் எனக்குப் பிறகு சொல்லிக்கொடுக்கப்பட்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது வாடை மட்டும்தான். அது மண்ணெண்ணெய் இல்லை, பழைய டீசல். சின்ன வயசில் அப்பச்சி சட்டையில் வந்த வாடை.

தெருவில் எல்லோரும் கை காட்டியது மெயின் ரோட்டில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பங்க்கை. சுமார் 200 மீட்டர் தூரம். நானும் ஒரு வாரம் அதையே நம்பினேன், நம்பத்தான் ஆசைப்பட்டேன்.

முதலில் கூப்பிட்ட தண்ணீர்ப் பரிசோதனைக்காரர் ஒரு பழைய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலில் முக்கால்வாசி பிடித்துக்கொண்டு போனார். நாலாம் நாள் ஒரு பக்க ரிப்போர்ட்: உப்பு, கடினத்தன்மை, குளோரைடு, எல்லாம் சரி, குடிக்கலாம். எண்ணெய் இருக்கிறதா என்று அவர் சோதிக்கவே இல்லை, அவருடைய பட்டியலில் அது கிடையாது. ஆச்சி அந்தக் காகிதத்தை என்னிடம் நீட்டி, "குடிக்கலாம்னு போட்டிருக்கே, நீங்க குடிப்பீங்களா?" என்று கேட்டார்கள். இரண்டாவதாக வந்தவர் செட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மொத்த மண்ணையும் 15 அடிக்குத் தோண்டி அள்ள வேண்டும், 12 லட்சம் ஆகும் என்றார். ஒரு பிடி மண்ணைக்கூட அவர் எடுத்துப் பார்க்கவில்லை.

திருச்சிக் குழு ஆடி மாதம் வந்தது. தலைமை தாங்கியவர் ஒரு பெண், நிலவியல் (ஜியாலஜி) படித்தவர். கூட இரண்டு பையன்கள். துளை போடும் வண்டியோடு வருவார்கள் என்று எதிர்பார்த்தேன், வெறும் கையோடு வந்தார்கள். உட்கார்ந்ததும் அந்த மேடம் கேட்ட முதல் கேள்வி: "டேங்க் ஓடிட்டிருந்த காலத்து டிப் நோட்டு ஏதாவது இருக்கா சார்?"

இருந்தது. எங்கள் வீட்டில் கணக்கு நோட்டு எதையும் தூக்கிப் போட மாட்டோம். மேல்வீட்டுப் பெட்டகத்தில் பேரேடுகளோடு நாலு நீள நோட்டு, 1992 முதல் 1996 வரை. தினமும் காலையும் மாலையும் டிப் ராடு (டேங்கில் எண்ணெய் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்க்க இறக்கும் அளவுகோல்) எத்தனை சென்டிமீட்டர் காட்டியது, எந்த வண்டிக்கு எத்தனை லிட்டர், டேங்கர் எப்போது வந்து எவ்வளவு இறக்கியது, எல்லாம் வரிவரியாக. முதல் இரண்டு நோட்டு செட் வாட்ச்மேன் அண்ணன் கையெழுத்து. டீசல் ஊற்றுவதும் அவர் பொறுப்புதான். மூன்றாவது நோட்டின் நடுவிலிருந்து அப்பச்சி கையெழுத்து. ஏனென்றால் 1994 ஆடியில் வாட்ச்மேன் அண்ணனை டீசல் திருடியதாகச் சொல்லி நிறுத்திவிட்டார்கள். எனக்கு அப்போது 24 வயது. டிப் கணக்கில் தினமும் குறை விழுகிறது, சாவி அவரிடம், வேறு யார் எடுத்திருக்க முடியும் என்று வீட்டில் பேசிக்கொண்டது நினைவிருக்கிறது. நானும் அதை நம்பினேன்.

மேடம் நோட்டுகளைப் படம் பிடித்துக்கொண்டு போய் ஒன்பது நாள் கழித்து வந்தார். கையில் ஒரு கோட்டுப்படம். அதை அவர் விளக்கியது எனக்கு அப்படியே பதிந்திருக்கிறது, தெரிந்தவரை எழுதுகிறேன்.

ஒரு நாள் குறையை வைத்து எதுவும் சொல்ல முடியாதாம். எங்கள் டேங்க் படுக்கையாகக் கிடக்கும் உருளை, 2 மீட்டர் விட்டம், 3.2 மீட்டர் நீளம். நடுவயிற்றில் ஒரு மில்லிமீட்டர் என்றாலே 6 லிட்டருக்கு மேல். டிப் ராடைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாலே கணக்கு உதைக்கும். சூடும் ஒரு காரணம். வெயிலில் வந்த டேங்கர் 7,000 லிட்டர் இறக்கி, அது பூமிக்குள் போய் 8 டிகிரி குளிர்ந்தால், ஏறக்குறைய 46 லிட்டர் தானாகச் சுருங்கும். யாரும் எடுத்திருக்க வேண்டியதில்லை. அதனால் அவர் டேங்கர் வந்த நாட்களையும், அடுத்த இரண்டு நாட்களையும் தள்ளிவிட்டார். வண்டிக்கு ஊற்றிய நாட்களையும் தள்ளிவிட்டார். மிச்சம் ஞாயிற்றுக்கிழமைகள். செட் பூட்டிக் கிடக்கும் நாள். சனிக்கிழமை மாலை டிப், திங்கள் காலை டிப், நடுவில் ஒரு சொட்டுகூட யாருக்கும் ஊற்றவில்லை. நாலு நோட்டிலும் அப்படிப்பட்ட ஞாயிறுகளை மட்டும் எடுத்துப் புள்ளி வைத்திருந்தார்.

டிப் 110 சென்டிமீட்டருக்கு மேல் இருந்த ஞாயிறுகளில் எல்லாம் குறை விழுந்திருக்கிறது, பெரும்பாலும் 3, 4 மில்லிமீட்டர். 110-க்குக் கீழே இருந்த ஞாயிறுகளில் குறையே இல்லை.

"திருடுறவருக்கு 110 சென்டிமீட்டர்னு கணக்கு இருக்காது சார். டேங்க்ல அந்த உயரத்துல ஓட்டை இருக்கு."

நான் பேசாமல் இருந்தேன். அவர் மூன்றாவது நோட்டின் படத்தைத் திருப்பிக் காட்டினார். வாட்ச்மேன் அண்ணன் போன பிறகும் ஏழு மாதம் குறை அதே மாதிரி விழுந்திருக்கிறது. 1995 மாசியில், பக்கத்தின் ஓரத்தில் அப்பச்சி கையெழுத்தில் ஒரு வரி: "இனி 110க்கு மேல் ஏற்ற வேண்டாம்." அதற்குப் பிறகு டேங்கரில் பாதி லோடுதான் வாங்கியிருக்கிறார்கள். குறையும் நின்றுவிட்டது.

"இதை எழுதினது யாரு சார்?"

"அப்பச்சி" என்றேன். வேறு ஒன்றும் சொல்ல வரவில்லை. அவரும் மேலே கேட்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்து எங்கெங்கே துளை போடலாம் என்று வரைபடத்தை விரித்தார்.

இந்தச் சேவைக்கு நான் கொடுத்த பணத்தில் பாதி அந்த ஒன்பது நாளுக்கே தகும். நோட்டைப் படித்ததால்தான் ஓட்டை தரைமட்டத்திலிருந்து எத்தனை அடியில், கசிவு எந்தக் காலத்தில், ஏறக்குறைய எவ்வளவு என்பது துளை போடுவதற்கு முன்பே தெரிந்தது. 3,000 லிட்டருக்குக் குறையாது, அதற்கு மேல் சொல்ல ஆதாரம் இல்லை என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறார். இல்லாததைச் சொல்லாததும் எனக்குப் பிடித்தது.

ஆவணி முதல் வாரம் வருவதாகச் சொன்ன துளை வண்டி மூன்றாம் வாரம்தான் வந்தது. இடையில் ஆச்சி வீட்டில் தங்க வந்தவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. தாமதத்தை ஒரு போன் போட்டு முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். அரை மதிப்பெண்ணில் ஒரு பங்கு இதற்குக் குறைத்தேன்.

வந்ததும் வேலை சுத்தம். டேங்க் மூடியைத் திறப்பதற்கு முன் வெடிக்கும் வாயு இருக்கிறதா என்று கருவியை வைத்துப் பார்த்தார்கள். எங்கள் கடைப் பையன் பீடியோடு பக்கத்தில் வந்தபோது அந்த மேடம் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். உள்ளே அடிமட்டத்தில் 11 சென்டிமீட்டர் கறுப்புக் கசடு இருந்தது. ராடில் ஒரு பசையைத் தடவி இறக்கினார்கள். தண்ணீர் படும் இடத்தில் அந்தப் பசை நிறம் மாறும். 4 சென்டிமீட்டர் தண்ணீர்.

முதலில் கையால் திருகும் துளைக்கருவியை இறக்கிப் பார்த்தார்கள். நாலடியில் செம்புறாங்கல்லில் முட்டி நின்றுவிட்டது. எங்கள் பக்கத்து மண்ணைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதே கடப்பாரை தெறிக்கும். பிறகு வண்டியால் 7 துளை. ஒவ்வொரு இரண்டரை அடிக்கும் மண்ணை எடுத்து ஒரு பங்கைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்துப் பனிப்பெட்டிக்குள் வைத்தார்கள். இன்னொரு பங்கைப் பூட்டுப்பையில் போட்டு மூடி, கையால் கட்டியை உடைத்து, கால் மணி நேரம் வைத்துவிட்டு, பையில் சின்னத் துளை போட்டு ஆவி அளக்கும் கருவியின் மூக்கை நுழைத்தார்கள். டீசல் பெட்ரோல் மாதிரி சீக்கிரம் ஆவியாகாது, அதனால் இந்தக் கருவி காட்டும் எண்ணை மட்டும் நம்பக்கூடாது, ஆய்வகத்துக்கு எதை அனுப்புவது என்று தேர்ந்தெடுக்கத்தான் இது என்றார்.

டேங்க்கை ஒட்டிய இரண்டாம் துளையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். 5 அடியில் நம் சிவப்பு மண், கருவியில் 2. 10 அடியில் 95. 14 அடியில் செம்புறாங்கல் முடிந்து மஞ்சள் களியும் மணலும் கலந்து வந்தது, 180. 20 அடியில் வெளியே வந்த மண் சிவப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை. சாம்பலும் பச்சையும் கலந்த ஒரு நிறம், ஈரமான சிமெண்ட் மாதிரி. கையில் வாங்கினேன், உறைக்கு மேலேயே வழவழப்பு தெரிந்தது. முப்பது வருஷ வாடை. எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் பிராணவாயுவைத் தீர்த்துவிட்டு, அடுத்து மண்ணின் இரும்பில் கை வைக்கும், அதனால்தான் சிவப்பு போய்விடுகிறது என்று விளக்கினார். கருவி 410 காட்டியது.

ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் நடுவே கருவிகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தத் தண்ணீரில் அலசினார்கள். கையுறை ஒவ்வொரு மாதிரிக்கும் புதுசு. ஒரு நாளில் ஒரு பெட்டியே காலியானது. ஒரு துளை எண்ணெய் அடுத்த துளையில் ஒட்டிவிட்டால் இல்லாத இடத்தில் இருப்பதாக வந்துவிடும், அப்புறம் தேவையில்லாமல் தோண்ட வேண்டியிருக்கும் என்பதால்தான்.

7 துளையில் 4-ஐக் கண்காணிப்புக் கிணறாக மாற்றினார்கள். இரண்டு அங்குல பிவிசி குழாய், அடிப்பகுதியில் மெல்லிய கீறல்கள், சுற்றிலும் சலித்த மணல், அதற்கு மேல் தண்ணீர் பட்டால் உப்பி அடைத்துக்கொள்ளும் பெண்டோனைட் களிமண், தலையில் பூட்டு. மேல்மழைத் தண்ணீர் குழாயை ஒட்டி உள்ளே இறங்கக்கூடாது என்பதற்குத்தான் அந்தக் களி. நம் ஊர் போர்க்காரர்கள் இதைச் செய்வதே இல்லை.

ஒரு வாரம் கழித்து, நீள நாடாவில் கட்டிய ஒரு கருவியை ஒவ்வொரு குழாயிலும் இறக்கினார்கள். எண்ணெயைத் தொட்டால் தொடர்ந்து ஊதும், தண்ணீரைத் தொட்டால் விட்டுவிட்டு ஊதும். இரண்டாம் கிணற்றில் 22 அடியில் நீளமாக ஊத ஆரம்பித்தது. அந்தச் சத்தம் மாறுவதற்காக எல்லோரும் காத்துக்கொண்டு நின்றோம். 9 சென்டிமீட்டர் இறங்கிய பிறகுதான் விட்டுவிட்டுக் கேட்டது. ஆச்சியும் வந்து நின்றிருந்தார்கள். "அவ்வளவு கனத்துக்கா கிடக்கு?" என்றார்கள். குழாய்க்குள் தெரியும் கனம் மண்ணுக்குள் இருக்கும் கனம் இல்லை, மண்ணில் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், குழாய் காலி இடம் என்பதால் எண்ணெய் வழிந்து வந்து சேர்கிறது என்று மேடம் பொறுமையாகச் சொன்னார். எண்ணெய் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். கோடையில் நீர்மட்டம் இறங்கினால் கூடவே இறங்கும், மழையில் ஏறும். அப்படி முப்பது வருஷம் ஏறி இறங்கி, 18 அடியிலிருந்து 25 அடி வரை மண்ணில் பூசிக்கொண்டே வந்திருக்கிறது.

பிறகு நாலு குழாயின் தலையையும் மட்டக்கருவி வைத்து அளந்து, நீர்மட்டங்களை ஒப்பிட்டு, தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தார்கள். திசை தெரிய மூன்று கிணறாவது வேண்டுமாம். இயல்பில் தென்கிழக்கே, ஊருணிப் பக்கம். ஆச்சி வீட்டு மோட்டாரை நாலு மணி நேரம் ஓட விட்டு மறுபடி அளந்தார்கள். இப்போது ஆச்சி கிணற்றுப் பக்கம் சாய்ந்துவிட்டது. இத்தனை வருஷம் வராத வாடை இப்போது ஏன் வந்தது என்பதற்கு விடை அதுதான். வாளி இறைத்த வரைக்கும் அது சும்மா கிடந்தது. மோட்டார் இழுத்ததும், சித்திரையில் மட்டம் இறங்கியதும் சேர்ந்து கொண்டுவந்து விட்டது. சென்னை தண்டையார்பேட்டையில் 2013-இல் பூமிக்கடியில் போன எண்ணெய்க் குழாய் கசிந்து வீட்டுக் கிணறுகளில் எண்ணெய் வந்ததை ஆச்சிக்கு நினைவுபடுத்தினார். கசியும் இடம் ஒன்று, தெரியும் இடம் வேறு.

தண்ணீர் மாதிரி எடுத்ததை முதலில் வந்தவரின் பிளாஸ்டிக் பாட்டிலோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன். குழாயில் தேங்கிய பழைய தண்ணீரை மூன்று மடங்கு வெளியேற்றிய பிறகுதான் பிடித்தார்கள். எண்ணெயில் இருக்கும், சீக்கிரம் ஆவியாகும் பென்சீன் போன்ற நச்சுப் பொருட்களுக்கு 40 மில்லி கண்ணாடிக் குப்பி, உள்ளே இரண்டு சொட்டு அமிலம். விளிம்பு தளும்ப நிரப்பி, மூடி, தலைகீழாகக் கவிழ்த்து விரலால் தட்டிப் பார்த்தார் ஒரு பையன். கடுகளவு காற்றுக் குமிழி தெரிந்தது. கொட்டிவிட்டு வேறு குப்பி. அந்தக் குமிழிக்குள்ளேயே பென்சீன் ஆவியாகப் போய்விடும், ஆய்வகத்தில் குறைவாகக் காட்டும் என்றான். டீசலுக்குப் பழுப்பு நிற லிட்டர் பாட்டில். எல்லாம் பனிக்கட்டியோடு பெட்டிக்குள். யார் எடுத்தது, எத்தனை மணிக்கு, யார் கையில் கொடுத்தது என்று ஒரு படிவம், நானும் அதில் கையெழுத்துப் போட்டேன். பெட்டிக்குள் சுத்தத் தண்ணீர்க் குப்பி ஒன்றும் கூடவே பயணம் போனது, வழியில் எதுவும் கலந்ததா என்று பார்க்க.

அந்தச் சுத்தத் தண்ணீர்க் குப்பியிலேயே டொலுவீன் (பென்சீன் மாதிரி இன்னொன்று) கொஞ்சம் தெரிந்துவிட்டது. இதை அவர்கள் மறைத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. மேடமே போன் செய்து சொல்லி, சொந்தச் செலவில் மறுபடி வந்து நாலு கிணற்றிலும் ஆச்சி கிணற்றிலும் புதிதாக எடுத்துப் போனார்கள். ஆள் எப்படி என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டாவது முறை வந்த முடிவு: ஆச்சி கிணற்றில் எண்ணெய் லிட்டருக்கு 1.9 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500-இல் கனிம எண்ணெய்க்கு உச்ச வரம்பு 0.5. பென்சீன் 3 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 10, அதற்குள்தான். டீசலில் பென்சீன் குறைவு என்பதால் அது நல்ல சேதி. ஆனாலும் குடிக்கக்கூடாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். கொதிக்க வைத்தால் சரியாகிவிடுமா என்று ஆச்சி கேட்டதற்கு, ஆவியாவதெல்லாம் அடுப்படிக்குள்தான் வரும், வேண்டாம் என்றார். வாடை தெரியாத தண்ணீர் நல்ல தண்ணீர் என்றும் நினைக்க வேண்டாமாம். தனிப் பென்சீனுக்குத் தண்ணீரில் வாடை தெரிய அனுமதி அளவைப்போல் நூற்றுக்கணக்கான மடங்காவது இருக்க வேண்டும். ஊருணிக்குப் போகும் வழியில் போட்ட நாலாம் கிணற்றில் எதுவும் தென்படவில்லை. அந்த வரியைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஊருணியில் இன்றைக்கும் எங்கள் பக்கத்துப் பெண்கள் குடத்தோடு இறங்குகிறார்கள்.

ரோட்டுப் பங்க்கா, எங்கள் டேங்கா என்ற கேள்வியைக் கடைசியில் மிதந்த எண்ணெயை வைத்தே தீர்த்தார்கள். டீசலைக் கருவியில் பிரித்தால் புது எண்ணெய் சீப்புப் பல் மாதிரி வரிசையாகக் கோடு காட்டும். எங்களுடையதில் பல் எல்லாம் தேய்ந்து ஒரு மேடு மட்டும் எழும்பி நின்றது. நேர்ச் சங்கிலிகளை நுண்ணுயிர்கள் முதலில் தின்றுவிடும், பிரிஸ்டேன், பைட்டேன் என்ற கிளைவிட்ட இரண்டும் அவற்றைவிட நெடுநாள் தாக்குப்பிடிக்கும். இதைவிட எனக்கு எளிதாகப் புரிந்தது கந்தகம். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் விற்கும் டீசலில் கந்தகம் 10 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) மேல் இருக்கக்கூடாது. 1990-களின் தொடக்கத்தில் 10,000 வரை அனுமதி இருந்தது. இரண்டாம் கிணற்று எண்ணெயில் ஆயிரக்கணக்கில் இருந்தது. இன்றைய பங்க்கிலிருந்து அது வந்திருக்கவே முடியாது. பங்க்காரரை நேரில் பார்த்து, தெருவில் பேசியது தப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு நானே எழுதிக் கொடுத்தேன். 2025 ஜூலையில் மத்திய அரசு மாசுபட்ட இடங்களுக்கென்றே தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது, மறைத்து வைப்பது எனக்கும் நல்லதில்லை என்று மேடமும் சொன்னார். டேங்க் எடுப்பது பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) விதிகளுக்குள் வருகிற வேலை. காலி டேங்க்தானே என்று வெல்டரைக் கூட்டிவந்து வெட்டினால் உயிர் போகும். கசடை உறிஞ்சி, வாயு இல்லை என்று அளந்து உறுதி செய்த பிறகே கிரேன் வைத்தார்கள்.

டேங்க் மேலே வந்த அன்று நானும் இருந்தேன். அடியிலிருந்து டேப் பிடித்து அளந்தோம். 112 சென்டிமீட்டரில், பக்கவாட்டில், குண்டுமணி அளவுக்கு ஓர் ஓட்டை. சுற்றிலும் உள்ளங்கை அகலத்துக்குத் தகடு அப்பளம் மாதிரி பொரிந்திருந்தது. அதற்கு நேரே குழிச் சுவரில் ஒரு செம்புறாங்கல் முனை நீட்டிக்கொண்டிருந்தது. டேங்க்கைச் சுற்றி மணல் போட்டு நிரப்பியிருக்க வேண்டும். அன்றைக்குத் தோண்டிய கல்லையே திருப்பித் தள்ளியிருக்கிறார்கள். கல் முனை தார்ப் பூச்சைக் கீறி, கீறிய இடத்தில் மட்டும் அரிப்பு கூடி, முதலில் ஊசித்துளை, பிறகு இது. இரும்பு அரிப்பை ஆராய்கிற சிக்ரி ஆராய்ச்சி நிலையம் எங்கள் காரைக்குடியில்தான் 1948-இல் அடிக்கல் போட்டு வந்தது. அதற்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு, 26 வருஷம் இரும்பு விற்றுக்கொண்டு, பூச்சு போன தகடு மண்ணில் என்ன ஆகும் என்று எனக்கு ஒரு தரம்கூடத் தோன்றவில்லை.

அரை மதிப்பெண்ணில் மீதிப் பங்கு ரிப்போர்ட்டுக்கு. 140 பக்கம், முழுக்க ஆங்கிலம். ஆச்சிக்கு அதில் ஒரு வரி புரியாது, கெட்டது அவர்கள் கிணறு. கேட்ட பிறகு நாலு பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தார்கள், நன்றாகவே எழுதியிருந்தார்கள். கேட்காமலே கொடுத்திருக்க வேண்டும். துளை வண்டியைக் கொண்டுவரும் கூலி தனி என்பதும் பில் வந்த பிறகுதான் தெரிந்தது. மொத்தம் 3,85,000, அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. பெரிய தொகைதான். தோண்டி அள்ள 12 லட்சம் கேட்டவரிடம் போயிருந்தால் நல்ல மண்ணையும் சேர்த்து அள்ளியிருப்போம், 20 அடியில் கிடந்ததை விட்டிருப்போம்.

வாட்ச்மேன் அண்ணன் தேவகோட்டைப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வயது 78. கார்த்திகையில் நோட்டின் இரண்டு பக்கங்களையும் அந்தக் கோட்டுப்படத்தையும் நகல் எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டுப் பக்கத்தை முகத்துக்குக் கிட்டே பிடித்தார்.

"இது என் எழுத்துத்தான்."

110 விஷயத்தைச் சொன்னேன். அப்பச்சி எழுதிய வரியையும் காட்டினேன். மன்னிப்புக் கேட்டேன். வெகு நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "டேங்கப் பாருங்கன்னு நான் அப்பவே சொன்னேன் தம்பி" என்றார். நான் கொண்டுபோன பணத்தைத் தொடவில்லை. கிளம்பும்போது வாசல் வரை வந்து ஒன்றுதான் கேட்டார். "செட்டுக்கு எதிர்த்தாப்புல டீக்கடை இன்னும் இருக்கா? அங்க ஒரு தரம் சொல்லிருங்க."

டீக்கடையை இப்போது மகன் நடத்துகிறான். அடுத்த நாள் காலை கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போய், பெஞ்சில் இருந்த பெரியவர்களிடம் சொன்னேன். இங்கேயும் எழுதுகிறேன்: 1994-இல் எங்கள் செட்டில் டீசல் திருட்டு நடக்கவில்லை. டேங்க் கசிந்தது.

இந்த மாதிரி வேலைக்கு ஆள் தேடுகிறவர்கள் யாரைக் கூப்பிட்டாலும், முதல் நாள் அவர் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். பழைய கணக்கு, டேங்க் எந்த வருஷம் புதைத்தது, எப்போது நிறுத்தியது, சுற்றிலும் எத்தனை கிணறு, யார் மோட்டார் ஓட்டுகிறார்கள் என்று கேட்கிறவராக இருக்க வேண்டும். எண்ணெய்க்கு எந்தச் சோதனை, எந்தக் குப்பி, ஆய்வகத்துக்கு என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உண்டா என்று நீங்கள் கேளுங்கள். தமிழில் சுருக்கம் வேண்டும், வண்டிக் கூலி உட்பட விலை வேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் குழுவின் பெயர் வேண்டுகிறவர்கள் கடைக்கு வந்தால் சொல்கிறேன்.

இரண்டாம் கிணற்றில் வாரம் ஒரு முறை எண்ணெயை முகந்து எடுக்கிறோம். 9 சென்டிமீட்டர் இப்போது 3-க்கு வந்திருக்கிறது. எடுத்த மண்ணைத் தார்ப்பாயில் பரப்பி, எருவும் ஈரமும் சேர்த்து மாதம் இரண்டு முறை கிளறுகிறார்கள். ஆச்சி மோட்டாரை நிறுத்தியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குக் குடிக்கவும் சமைக்கவும் சம்பை ஊற்றுத் தண்ணீர் என் செலவில் தினமும் போகிறது. அடுத்த மாதிரி தை கடைசியில் எடுக்கிறார்கள். முடிவு வந்ததும் இதன் கீழே சேர்க்கிறேன்.